பதினாறா, இருபத்தைந்தா

எர்த் குழியில் கரியும் உப்பும் கொட்டித் தண்ணீர் ஊற்றியதும் எழும் அந்த ஈர வாடை இன்று காலை என்னை அப்படியே நிறுத்திவிட்டது. கள்ளக்குறிச்சியில், சின்னசேலம் சாலையில், புது அடுக்குமாடிக்கு வயரிங் வேலை. மாரடைப்பு உன்னைக் கொண்டுபோன பிறகு நான் தனியாக எடுத்த முதல் பெரிய வேலை இது. குழிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரமும் காட்டியிருந்தார்கள். அதிலிருந்து மாடிகளுக்கு ஏறும் எர்த் கம்பியைத்தான் யாரும் கவனிக்கவில்லை.

நான் போவதற்குள் மேஸ்திரி நாலு எம்.எம். கம்பியை இழுத்து முடித்திருந்தார். மதியம் பூச்சு வேலை தொடங்கினால் எல்லாம் சுவருக்குள் போய்விடும்.

"ஒவ்வொரு வூட்டுக்கும் நாலுதானேக்கா போவுது? எல்லா வூட்லயும் ஒரே நேரத்துலயா ஷாக் அடிக்கும்? குழியில உப்பு வேற ஜாஸ்தியா போட்டுக்கிறேன்" என்றார்.

"மெயின் போர்டுல பழுதாச்சின்னா, ஃப்யூஸ் போறதுக்குள்ள இந்தக் கம்பி உருகிடும்ங்க. அப்புறம் எந்த வூட்ல கிரைண்டரத் தொட்டாலும் ஆபத்துதான். உப்பு இன்னா பண்ணும்?"

"அண்ணன் இருந்தா இவ்ளோ பேசமாட்டாரு" என்று முணுமுணுத்தார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நீயா பேசமாட்டாய்! ஐ.டி.ஐ.யில் ஒரே வகுப்பில் படித்த நாளிலிருந்து, கல்யாணமாகி ஒன்றாக வேலை எடுத்த காலம் வரை, இந்தக் கம்பிக்காக நீ என்னோடு போடாத சண்டையா? கல்வராயன் மலையில் மாணவர் விடுதி வேலையை முடித்துவிட்டு பஸ்ஸில் இறங்கும்போதுகூட விடவில்லையே. மெயின் கேபிள் முப்பத்தைந்து எம்.எம். என்றால் அட்டவணைப்படி எர்த்துக்குப் பதினாறு போதும் என்பேன் நான். இருபத்தைந்துதான் போட வேண்டும் என்பாய் நீ. "புக்கா அந்த ரூம்ல குடியிருக்கப் போவுது? புள்ளைங்கடி!" என்று நீ கத்திய கத்தலில் கண்டக்டரே திரும்பி, "சண்டைய வூட்ல போய் வெச்சிக்கக் கூடாதாங்க?" என்றார்.

நீ மறுத்துப் பேசினாய் என்பதற்காகவே நான் கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்பேன். சில நேரம் நீ சொன்னதுதான் சரியாக இருக்கும். எப்படியோ, சண்டை முடிந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

இங்கேயும் மெயின் கேபிள் முப்பத்தைந்துதான். இன்று நாலை உருவச் சொல்லிப் பதினாறு இழுக்க வைத்தேன். மேஸ்திரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே செய்தார். பூசியும் ஆகிவிட்டது. கணக்கு சரிதான், திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். ஆனாலும் வீட்டுக்கு வந்து உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். அங்கே குடிவரப் போகிறவர்கள் ஈரக் கையோடு ஃப்ரிட்ஜைத் திறப்பார்கள். "தப்புடி" என்று சொல்ல ஓர் ஆள் இல்லாமல் முடிவெடுத்துவிட்டேனே என்று பயமாக இருக்கிறது.

இப்போதெல்லாம் உன் பக்கத்தையும் நானே பேசிப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் நான்தான் ஜெயிக்கிறேன். அது எனக்குப் பிடிக்கவில்லை.