வச்சிடறேன்

மார்ச் 3

தம்பிக்கு,

நான் நல்லா இல்லை. நீ நல்லா இருக்கேன்னு ஊரெல்லாம் பேசிக்குது, அதனால விசாரிக்கலை.

போன் இருக்கறப்ப அக்கா எதுக்குப் பேப்பர்ல எழுதறாள்னு யோசிப்பே. இனிமே என் வாயிலிருந்து ஒரு சத்தம்கூட உனக்குக் கிடைக்கக் கூடாது, அதான். உன் நம்பரையும் அடைச்சு வச்சாச்சு. எழுத்தைக் கொண்டுபோய் எந்த வாத்து வாயிலயும் ஒட்ட முடியாது இல்லையா.

நேத்து லேப்ல வேலையில இருந்தேன். ஒரு அம்மா ரத்தம் குடுக்க வந்து உட்கார்ந்தாங்க. கையில ரப்பரைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்து, "கையை மடக்காதீங்க, நரம்பு ஓடிடும்"ன்னேன். அவங்க என் வாயையே பார்த்தாங்க. ஊசி பக்கத்துல போகுது, அவங்களுக்குச் சிரிப்பு தாங்கலை. "நீங்க வாத்தக்காதானே"ன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை. இன்னொரு கையால போனை எடுத்துக் காட்டினாங்க. கொண்டை போட்ட ஒரு வாத்து. நீலக் கோட்டு, நான் வேலையில போடற அதே நீலம். இடுப்புல கை வச்சு நிக்குது. வாயைத் திறந்தா என் குரல்.

"மூடி இங்க இருக்கு, குக்கர் அங்க இருக்கு. ரெண்டு வீட்டுலயும் ஒண்ணும் வேகலை. வந்து மூடியை எடுத்துட்டுப் போயேன்டா மடையா."

அது நான் உனக்கு அனுப்பின வாய்ஸ் மெசேஜ். உனக்கு மட்டும் அனுப்பினது. போன வருஷம் வீட்டை விட்டுப் போறப்ப குக்கரைத் தூக்கிக்கிட்டு, மூடியை அடுப்பு மேடையிலேயே விட்டுட்டுப் போனியே, அப்ப.

அப்புறம் அந்த வாத்து, "சரி, வச்சிடறேன்"ங்குது. வைக்கலை. நிக்குது. இன்னும் நிக்குது. கண்ணைச் சிமிட்டுது. வரிசையில உட்கார்ந்திருந்தவங்க எல்லாம் எட்டிப் பார்த்துச் சிரிக்கறாங்க. அதுக்கப்புறம் வந்தவங்க பாதிப் பேர், பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு எழுந்து போறப்ப என்னைப் பார்த்து "சரி, வச்சிடறேன்"னு சொல்லிட்டுத்தான் போனாங்க. ஒருத்தருக்கு ரெண்டு தடவை குத்தும்படி ஆயிடுச்சு. இத்தனை வருஷத்துல எனக்கு அப்படி நரம்பு தப்பினது இல்லை.

எல்லாத்தையும் எடு. இன்னைக்கே எடு.

உன் அக்கா

மார்ச் 8

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. கவர்ல 'திரு' போட்டு எழுதியிருந்தே. மரியாதைக்கு நன்றி.

எடுக்க மாட்டேன். ஏன்னு கேளு.

நான் வேலை பார்த்த போன் கடையை மூடினதுக்கு அப்புறம் எத்தனை இடம் ஏறி இறங்கினேன்னு உனக்குத் தெரியாது, நீ கேக்கவும் இல்லை. இப்ப ஒரு லாண்டரிக்கு மேல இருக்கற ரூம்ல இருக்கேன். கீழ இஸ்திரி போட்டா என் தரையில கால் வைக்க முடியாது, அப்படிச் சூடு. மேஜை வாங்க வழியில்லாம, லாண்டரிக்காரர் தூக்கிப் போட்ட இஸ்திரிப் பலகையில பழைய கம்ப்யூட்டரை வச்சு பொம்மைப் படம் பண்ண ஆரம்பிச்சேன். யாரும் சொல்லித் தரலை. மவுஸைப் பிடிச்சு வட்டம் போட்டா உருளைக்கிழங்கு வரும். மனுஷனை வரைஞ்சா உதடு, பல்லு, நாக்குன்னு உயிரை வாங்குது. வாத்துன்னா ஒரு அலகு, திறக்கும், மூடும். அதான் வாத்து. இதுல உன்னைக் கேலி பண்ற திட்டமெல்லாம் எதுவும் இல்லை.

முதல்ல என் குரலைத்தான் குடுத்தேன். பார்த்தது நானும் லாண்டரிக்காரரும் மட்டும். அவரும் பாதியில, கீழ சட்டை கருகுதுன்னு சொல்லிட்டுப் போயிட்டார். ஒரு நாள் அலகு குரலோட பொருந்துதான்னு பார்க்க, கைக்குக் கிடைச்ச உன் மெசேஜை வச்சேன். அதே லாண்டரிக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமித்தி வச்சுட்டுச் சிரிச்சார். வீடியோ தளத்துல போட்டேன். பத்திக்கிச்சு.

இப்ப அந்தத் தளம் எனக்குக் காசு தர்றேன்னு சொல்லியிருக்கு. நானே உட்கார்ந்து நானே செஞ்ச ஒண்ணுக்கு, யார் கையையும் பார்க்காம வர்ற காசு. அதை எடுன்னு சொல்றே. உன் பேர் எங்கயும் போடலை, மூஞ்சி வாத்து மூஞ்சி, யாருக்குத் தெரியப் போகுது? அதோட நீ எனக்கு அனுப்பினது என்னோடதுதான். வேணும்னா கால் பங்கு தர்றேன்.

அவங்க உன்னைப் பார்த்துச் சிரிக்கலை. வாய்ஸ் மெசேஜ்ல போய் யாராவது வச்சிடறேன்னு சொல்வாங்களா? எதை வைக்கப் போறே? அதுக்குத்தான் சிரிக்கறாங்க.

உன் தம்பி

மார்ச் 12

எடுத்தாச்சா?

அக்கா

மார்ச் 15

இல்லை. புதுசா ஒண்ணு போட்டிருக்கேன். குடை பத்தினது. நல்லா ஓடுது.

தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

கால் பங்கா? நான் என்ன உன் கடையில கூட்டுச் சேர்ந்தேனா? உன்னைத் திட்டினதுக்கு உன்கிட்டயே கூலி வாங்கற அளவுக்கு நான் இன்னும் போகலை.

யாருக்குத் தெரியப் போகுதுன்னு கேட்டியே. உன் மாமாவுக்குத் தெரிஞ்சு போச்சு. சாப்பாட்டு மேஜையில தண்ணி ஜக்குமேல போனைச் சாய்ச்சு வச்சு, சத்தத்தைக் கூட்டிப் பார்க்கறார். அந்தக் குடை வீடியோவைத்தான். கட்டின புருஷன் எதிர்ல நான் சாப்பிட்டுக்கிட்டிருக்கேன், நடுவுல என் குரல் கத்துது. "மழை வருதுடா, குடையில்லாமப் போகாதே. அப்புறம் தும்மிக்கிட்டுக் கிடந்தா நான் வர மாட்டேன். சரி, வச்சிடறேன்." மனுஷனுக்குக் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிப்பு. "உன் தம்பிகிட்ட இப்படியொரு திறமை இருக்கும்னு நான் நெனைக்கவே இல்லை"ங்கறார். யார் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு போனியோ, அவரே இப்ப உனக்கு ரசிகர். ரொம்ப சந்தோஷம்.

உனக்குத் தெரியுமா, அவருக்குத் தெரியாமத்தான் அந்த மெசேஜ் எல்லாம் அனுப்பினேன். "அவனா வரட்டும், நீ கூப்பிடாதே"ன்னு சொல்லி வச்சிருந்தார். சரின்னு தலையாட்டிட்டு சமையலறைக் கதவைச் சாத்திக்கிட்டுப் பேசினேன். இப்ப எது எதை நான் எப்ப எப்ப அனுப்பினேன்னு அவர் சிரிச்சுக்கிட்டே கணக்குப் பார்க்கறார். அந்தச் சிரிப்புக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு அதே வீட்டுல இருந்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் அந்த நடை. வாத்துன்னா அப்படித்தான் நடக்கும்னு என் காதுல பூ சுத்தாதே. இடது காலை வெளிய திருப்பித் திருப்பி வைக்கிறது வாத்து இல்லை, நான். பள்ளிக்கூடத்துல என் தட்டைப் பாதத்தைப் பார்த்துப் பசங்க கேலி பண்ணினப்ப, கல்லை எடுத்துக்கிட்டு அவங்க பின்னாடி ஓடினவன் நீ. உன்னைவிட ரெண்டு மடங்கு பெரிய பசங்க. மூக்கு உடைஞ்சு வந்தே. அதே நடையை இப்ப நீயே வரைஞ்சு ஊருக்குக் காட்டிச் சம்பாதிக்கறே.

கேட்டுக்கோ. அந்தத் தளத்துக்குப் புகார் குடுத்துட்டேன். இது என் குரல், என்னைக் கேக்காம எடுத்ததுன்னு. எங்க ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணு உட்கார்ந்து எழுதி அனுப்பினா. இனிமே நீயாச்சு, அவங்களாச்சு.

அக்கா

மார்ச் 28

அக்காவுக்கு,

இப்ப திருப்தியா? முதல் காசு வர்ற நேரத்துல நிறுத்தி வச்சிட்டாங்க. குரலுக்குச் சொந்தக்காரங்க சம்மதம்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமாம். அடுத்த மாசம் பாதிக்குள்ள குடுக்கலைன்னா வாத்தக்கா மொத்தமா காலி. ரூமும் லாண்டரிக்காரரோடதுதான். அந்தக் காசை நம்பித்தான் வாடகைக்குத் தவணை சொல்லியிருந்தேன். சிரிச்ச முகத்தோடயே பெட்டியைக் கட்டச் சொல்லிட்டார்.

கையெழுத்துக் கேக்கத்தான் எழுதறேன். ஆனா கெஞ்ச மாட்டேன்.

மாமா சாப்பாட்டு மேஜையில சிரிச்சது உனக்கு நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி இருந்துச்சு, இல்லையா? அதே மேஜையில அன்னைக்கு அவர் என்ன சொன்னார்? எனக்கு வேலை போன வாரம். நான் தட்டை எடுத்தேன். "வேலைக்குப் போறவங்க முதல்ல சாப்பிடட்டும்"னார். நீ கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னே. ஜன்னலைப் பார்த்தே. ஒரு வார்த்தை பேசலை. முன்பின் தெரியாதவங்களையெல்லாம் கையை நீட்டு, இறுக்கிப் பிடின்னு அதட்டற உனக்கு அன்னைக்கு மட்டும் வாய் இல்லாமப் போச்சு. அந்த குக்கர் என் முதல் சம்பளத்துல வாங்கினது. அதைத் தூக்கிக்கிட்டு வெளிய வந்தேன். ஆத்திரத்துல மூடியை மறந்துட்டேன், அவ்வளவுதான்.

அப்புறம் ஆரம்பிச்சே. மூடி, குடை, இருமல் மருந்து, முடி வெட்டினியா இல்லையா. உலகத்துல இருக்கற எல்லாத்தையும் பேசினே, அதை மட்டும் பேசலை.

வாத்துக்கு எப்படி வாய் வரையறதுன்னு உனக்குத் தெரியாது. குரலைத் துண்டு துண்டா வெட்டிக் கேக்கணும். 'ம' வர்ற இடத்துல அலகு மூடணும், 'ஆ' வர்ற இடத்துல திறக்கணும். தப்பா வந்தா மறுபடியும் முதல்லேருந்து கேக்கணும். உன் மெசேஜ் ஒவ்வொண்ணையும் நான் அப்படித்தான் கேட்டேன். வச்சிடறேன்னு சொல்றே, வைக்கறதில்லை. பின்னாடி குழாய் சொட்டுது. நீ மூச்சு விடறே. ஏதோ சொல்ல வாயெடுக்கறே, உதடு பிரியற சத்தம்கூடக் கேக்குது. இதோ, "மாமா சொன்னது தப்புடா"ன்னு இப்ப சொல்லிடுவியோன்னு ஒவ்வொரு மெசேஜ்லயும் காத்துக்கிட்டிருந்தேன். நீ சொல்லலை. அந்த இடத்துல வரைய எனக்கு எதுவும் இல்லை. அதனால வாத்தைக் கண்ணைச் சிமிட்ட வச்சேன். ஊர் சிரிச்சது. நான் சிரிக்கலை.

வாய் இல்லாத அக்காவுக்கு வாய் வரைஞ்சு குடுத்தவன் நான். கையெழுத்துப் போடு, இல்லை விடு.

தம்பி

ஏப்ரல் 6

தம்பிக்கு,

இந்தப் பார்சல்ல மடிச்ச பேப்பர் ஒண்ணு இருக்கு. "வாத்தக்கா என்னும் பொம்மைப் படங்களில் வரும் குரல் என்னுடையது. அதை என் தம்பி விருப்பம்போல் பயன்படுத்திக்கொள்ள எனக்கு மறுப்பு இல்லை. அதற்காக எனக்கு எதுவும் தர வேண்டியதில்லை." கீழ கையெழுத்துப் போட்டிருக்கேன். அதைக் காட்டி காசை வாங்கி லாண்டரிக்காரர் வாயை அடை. தெருவுல போய் நிக்காதே.

மனசு மாறிட்டேன்னு நெனைச்சுக்காதே. மீதியையும் படி.

ஒவ்வொண்ணையும் திரும்பத் திரும்பக் கேட்டேன்னு எழுதியிருக்கே. நான் இத்தனை நாளும் என்ன நெனைச்சுக்கிட்டிருந்தேன் தெரியுமா? நீ ஒண்ணைக்கூடக் கேக்கலைன்னு. கோபக்காரன், திறந்துகூடப் பார்க்காம அழிச்சிருப்பான், கேட்டிருந்தா கூப்பிட்டிருப்பான்னு. அப்படி நெனைச்சுத்தான் மனசைத் தேத்திக்கிட்டேன். இப்பத்தான் தெரியுது. நீ கேட்டிருக்கே. குழாய் சொட்டறது கேட்டிருக்கு, நான் மூச்சு விடறது கேட்டிருக்கு. எல்லாம் அலகு வரையறதுக்காக. அத்தனை தடவை கேட்டவனுக்கு ஒரு தடவை திருப்பிக் கூப்பிடத் தோணலை. ஊரே என்னைப் பார்த்துச் சிரிச்சப்பகூட எனக்கு இப்படி வலிக்கலை.

எதை வைக்கப் போறேன்னு கேட்டே. சொல்றேன். நீ எடுத்துட்டே, அந்தப் பக்கம் கேட்டுக்கிட்டிருக்கேன்னு நெனைச்சுக்கிட்டுத்தான் பேசுவேன். இல்லைன்னா வெறும் போனைப் பார்த்துப் பேச எனக்கு வாய் வராது. அதனாலதான் வச்சிடறேன்னு வரும். சொன்ன உடனே வச்சா, நீ ஏதோ பேச வந்து கேக்காமப் போயிடுமோன்னு விரலை எடுக்காம நிப்பேன். பைத்தியக்காரத்தனம்னு எனக்கே தெரியும். அதைப் பார்க்கறதுக்கு யாரும் இல்லைன்னுதானே நின்னேன்.

நீ எதிர்பார்த்த அந்த வார்த்தை என் உதடு வரைக்கும் வந்தது நிஜம். உனக்கு நல்ல காதுதான். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா ஏதாவது ஒரு மெசேஜ்ல சொல்லியிருப்பேன். ஆனா நான் சொல்ல நின்ன இடத்துல நீ ஒரு வாத்தைக் கொண்டுவந்து நிறுத்திட்டே. இனி அந்த இடத்துல நான் எதைச் சொன்னாலும் எனக்கே சிரிப்புச் சத்தம்தான் கேக்கும். அதனால சொல்லப் போறதில்லை. நீயும் காத்துக்கிட்டிருக்காதே.

பார்சல்ல குக்கர் மூடியும் இருக்கு. ரப்பர் வளையம் விரிஞ்சு போயிருந்தது, புதுசு போட்டிருக்கேன். வெயிட்டை நல்லா அழுத்திப் போடு, இல்லைன்னா ஆவி மூஞ்சியில அடிக்கும். இந்த ஒரு மூடியைச் சொல்லித்தான் வா, வான்னு கூப்பிட்டுக்கிட்டிருந்தேன். இனிமே உன்னைக் கூப்பிட எங்கிட்ட ஒண்ணும் இல்லை. தண்ணி தெளிச்சு விட்டாச்சு.

கையில இருக்கற மெசேஜ் தீர்ற வரைக்கும் படம் பண்ணு. அப்புறம் வாத்துக்கு வேற குரல் பார்த்துக்கோ.

வச்சிட்டேன்.