கட்டில்காலைப் பற்றும் இளவரசி குறித்து அரசருக்கு அரசி விடுத்த ஓலை

மழை தவறாத தாழைக்கோட்டை நாட்டின் தலைநகரிலிருந்து, அந்நாட்டை இந்த நாற்பது நாளாகத் தங்கள் பெயரால் காத்துவரும் பட்டத்தரசி குவளைமாதேவி, ஏழு துறைமுகங்களுக்கு உரியவரும், பகைவர் கனவிலும் குதிரையேறி வருபவரும், தம் மகள் உதட்டைப் பிதுக்கினால் மட்டும் வாளைக் கீழே வைத்துவிடுபவருமான மாமன்னர் நெடுந்திரையர் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் பாசறையில் அடுப்பு அணையாதிருக்க. யானைகள் வயிறு நிறைந்து உறங்குக. தாங்களும் நன்கு உறங்குக; உறக்கத்தைப் பற்றியதே இவ்வோலை.

இதை என் கையாலேயே எழுதுகிறேன். அரண்மனை எழுத்தரிடம்தான் முதலில் சொல்லத் தொடங்கினேன். அவர் சிரிப்பை அடக்க முயன்றதில் எழுத்தாணி மூன்று ஓலைகளைக் கிழித்தது. ஆகவே எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்தருள்க.

நாட்டில் எல்லாரும் நலம். ஏரி நிறைந்தது. கிழக்கு மதில் பூசி முடிந்தது. இனிச் செய்திக்கு வருகிறேன்.

வரும் முழுமதி இரவில் கோட்டைக்குள் நுழைவதாகவும், நுழைந்ததும் இளவரசி இன்னகையை எழுப்பி மார்பில் போட்டுக்கொண்டு உறங்க வேண்டும் என்றும், ஒரே ஓர் இரவுதானே என்றும் தாங்கள் எழுதிய ஓலை நேற்றுக் கிடைத்தது. அந்த ஒரே ஓர் இரவைத் தடுப்பதற்காகவே இந்தத் தூதன் இரண்டு குதிரைகளை மாற்றி விரைந்து வருகிறான்.

உப்பளத்து எல்லையில் ஒரு சாண் நிலத்தையும் விட்டுக்கொடுக்காத தாங்கள், சொந்தக் கட்டிலில் எவ்வளவு நிலத்தை இழந்தீர்கள் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டுகிறேன். பிறந்து இரண்டு ஆண்டு ஒன்பது திங்களே ஆன ஒருத்தி, நடுவில் குறுக்காகக் கிடந்து, தலையால் தங்களையும் காலால் என்னையும் இரு விளிம்புக்கும் தள்ளினாள். கடைசியாக நாம் இருவரும் படுத்தபடி பேசியது எப்போது என்று எனக்கு நினைவில்லை. பேச்சு எதைப் பற்றி என்பது மட்டும் நினைவிருக்கிறது. தங்கள் மூக்கின்மீது இருப்பது அவளுடைய எந்தக் கால் என்று கேட்டீர்கள். பாசறையில் முப்பது யானைகளுக்கு நடுவே படுத்தும் விடியும்வரை ஒருமுறையும் விழிக்கவில்லை என்று சென்ற திங்கள் எழுதினீர்கள் அல்லவா? அதை அவையில் படித்தபோது, எல்லை வழக்கு ஏன் இவ்வளவு நாள் நீள்கிறது என்பது அமைச்சர்கள் அனைவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

இதன் தொடக்கம் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அஞ்சி ஓடிவந்து அரசரின் கட்டில்காலைப் பற்றியவரை எவரும் கை வைத்து அகற்றலாகாது என்பது நம் குலமுதல்வர் வகுத்த சட்டம். ஏழு தலைமுறையாக அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தியவர்கள் நால்வர். அவர்களுள் ஒருவர் வழி தவறி வந்த தயிர்க்காரர். இந்தச் சட்டத்தை மகளின் இரண்டாம் பிறந்தநாளில் கதையாகச் சொன்னதோடு நில்லாமல், தாங்களே அகதியாக நடித்துத் தரையில் தவழ்ந்து வந்து கட்டில்காலைப் பிடித்துக் காட்டினீர்கள். அவள் கை தட்டினாள். நானும் சிரித்தேன், அந்தச் சிரிப்புக்காக இன்றும் வருந்துகிறேன்.

அன்றிரவு முதல் அவள் அகதியானாள். அடைக்கலம் புகுந்தவருக்குக் காவலர்கள் தம் வேல்களைத் தாழ்த்த வேண்டும் என்பதும் சட்டமாகையால், அந்தப்புரக் காவல் தலைவி பெருந்தோளியும் அவள் தோழியர் மூவரும் நள்ளிரவில் நான்கு வேல்களைத் தாழ்த்துவார்கள். இளவரசி ஒவ்வொரு வேலுக்கும் தனித்தனியே தலையசைத்துவிட்டு மேலே ஏறிப் படுப்பாள். இத்தனை மரியாதை கிடைக்குமானால் நானே என் கட்டிலில் தங்கமாட்டேன்.

தாங்கள் புறப்பட்ட பின் நான் முதலில் செய்தது அறிவுடைய செயல் அன்று. பற்றுவதற்குக் கால் இருந்தால்தானே என்று எண்ணி, தச்சரை அழைத்து நம் கட்டிலின் கால்களைக் கழற்றி, நான்கு சங்கிலிகளில் உத்தரத்திலிருந்து தொங்கவிட்டேன். அன்றிரவு வந்தவள் காலைத் தேடினாள், காணவில்லை, தாய் தனக்காக ஊஞ்சல் கட்டியிருக்கிறாள் என்று முடிவு செய்தாள். நான் கண் விழித்தபோது சுவர் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. மறுநாள் அவையில் நெற்றி வீக்கத்தோடு அமர்ந்திருந்தேன்.  தச்சர் தம் முன்னால் இருந்த தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கால்களைத் திரும்பப் பொருத்தச் சொல்லிவிட்டேன்.

அடுத்து, சட்டத்தையே திருத்த முடியுமா என்று மூத்த அமைச்சர் கண்ணுடையாரிடம் கேட்டேன். திருத்துவதற்கு முன் மூலத்தைப் படிக்க வேண்டும் என்று அவர் செப்பேட்டைச் சுவரிலிருந்து கழற்றினார். பின்புறத்திலும் எழுத்து இருந்தது. ஏழு தலைமுறையாக அது சுவரைப் பார்த்தபடி தொங்கியிருக்கிறது; நம் முன்னோர் எவருக்கும் அதைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. அங்கே குலமுதல்வர் தெளிவாகவே எழுதியிருந்தார். அடைக்கலம் தந்தவர், வந்தவரின் அச்சம் எது என்று ஒருமுறை கேட்டுத் தீர்க்க வேண்டும். தீர்த்த பின் தம் கையால் அவரை அழைத்துச் சென்று அவர் இடத்தில் சேர்க்க வேண்டும். வழியில் வீண்பேச்சு ஆகாது. எத்தனை முறை வந்தாலும் அத்தனை முறையும் இதுவே முறை. குலமுதல்வருக்கு ஒன்பது பிள்ளைகள் என்று கண்ணுடையார் நினைவூட்டினார்.

அதன்படியே இளவரசியின் அச்சத்தை முறைப்படி விசாரித்தேன். தன் கட்டிலின் தலைமாட்டில் செதுக்கிய யாளிகள் இரண்டும் இரவில் பசியோடு இருக்கின்றன என்று அவள் உரைத்தாள். அவளைத் தின்னுமோ என்று நான் கேட்டதற்கு, தின்னாது, ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கும், பாவம் என்றாள். அன்று முதல் மாலையில் யாளிகளுக்கு ஆளுக்கொரு நெல்பொரி ஊட்டி, முகத்தைத் துணியால் போர்த்தி உறங்க வைத்துவிட்டு, அதன் பின்னரே அவள் படுக்கிறாள். துணைக்கு ஏதேனும் வேண்டும் என்றாள். தங்கள் செம்பட்டு மேலாடையைக் கொடுத்தேன். அது இனித் தங்களுடையது அன்று. அதன் ஒரு முனை எப்போதும் அவள் வாயில் இருப்பதால் தாங்களும் விரும்பமாட்டீர்கள்.

முதல் இரவு இருபத்து மூன்று முறை வந்தாள். இருபத்து மூன்று முறையும் எழுந்து, கையைப் பிடித்து, நாற்பத்தாறு அடி நடைக்கூடத்தைக் கடந்து, படுக்க வைத்துத் திரும்பினேன். இரண்டாம் இரவு இருபத்தேழு. அன்றைய வழக்குகளில் நான் வழங்கிய தீர்ப்புகளைக் கண்ணுடையார் அமைதியாகத் தம்மிடமே வைத்துக்கொண்டார். ஒரு பசுவுக்கு ஊரைவிட்டு வெளியேறும் தண்டனை கொடுத்திருக்கிறேனாம்.

நடப்பது எளிது, பேசாமல் நடப்பதே கடினம். ஒருமுறை, தன் இடக்கால் மட்டும் இன்னும் தூங்கவில்லை, அதை மட்டும் நம் கட்டிலில் படுக்க வைத்தால் போதும், மற்றதெல்லாம் திரும்பிப் போய்விடும் என்று விண்ணப்பித்தாள். இன்னொரு முறை, யானை தன் முதுகை எதனால் சொறிந்துகொள்ளும் என்று கேட்டாள். நான் வாய் திறக்கவில்லை. ஆனால் விடை தெரியாமல் விடியும்வரை விழித்துக் கிடந்தேன். அங்கே யானைகள் இருப்பதால் பார்த்து எழுதுக. நான்காம் இரவு பெருந்தோளியிடம் போய், அம்மா ஊமையாகிவிட்டார், அப்பாவுக்குச் சொல்லி அனுப்புங்கள் என்று கட்டளையிட்டிருக்கிறாள். பெருந்தோளி வேலைத் தாழ்த்தவில்லை. சுவரைப் பார்த்து நின்றாள். அவள் தோள்கள் குலுங்கியதாகத் தோழியர் சொல்கிறார்கள்.

ஆறாம் இரவு ஒன்பது. எட்டாம் இரவு மூன்று. ஒன்பதாம் இரவு ஒருமுறை. அதுவும் பாதி நடைக்கூடம் வரை வந்து, என்னைக் கண்டதும் தானே பெருமூச்சு விட்டுத் திரும்பிவிட்டாள். பத்தாம் இரவு வரவேயில்லை. காலையில் அவளே ஓடிவந்து, நான் என் ஊரிலேயே இருந்தேன் என்று அறிவித்தாள். யாளிகளும் இருந்தனவாம். அவளைத் தூக்கி, அரண்மனை முழுவதும் கேட்கும்படி பாராட்டினேன். இன்றோடு பன்னிரண்டு இரவுகள். கடைசி மூன்றிலும் அவள் அசையவில்லை.

இந்தப் பன்னிரண்டு இரவுகளையும் தாங்கள் ஓர் இரவில் அழித்துவிடுவீர்கள் என்று நான் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு மூன்று முறை, நன்றாக உறங்கிக்கொண்டிருந்தவளைத் தாங்களே போய்த் தூக்கிவந்துவிட்டு, அவள் அழைத்தாள் என்று என்னிடம் உரைத்தீர்கள். அவள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள் என்று பெருந்தோளி இப்போது சாட்சி சொல்லியிருக்கிறாள். அவளைக் கோபிக்க வேண்டாம். ஆணையிட்டுக் கேட்டவள் நான்.

ஆனால் தங்களை மட்டும் குற்றம் சொல்லி ஓலையை முடித்தால் அது முழு உண்மை ஆகாது. அந்தப் பத்தாம் இரவில், வழக்கமாக அவள் வரும் வேளையில் எனக்கு விழிப்பு வந்தது. காலடி ஓசைக்காகக் காத்திருந்தேன். கேட்கவில்லை. இத்தனை நாள் விரும்பிய அகலமான கட்டில் முழுதும் எனக்கே கிடைத்திருந்தது. அதில் எங்கே படுப்பது என்று தெரியவில்லை. மூச்சு விடுகிறாளா என்று மட்டும் பார்த்துவிட்டு வரலாம் என்று எழுந்தேன். பார்த்தேன். மூச்சு விட்டாள். ஒரு நொடி உட்கார்ந்தேன். சிறிது சாய்ந்தேன். மூன்றாம் சாமத்தில் பெருந்தோளி சுற்றி வந்தபோது, சிறு கட்டிலின் கால்மாட்டைத் தாண்டி நாட்டின் பட்டத்தரசியின் இரு கால்களும் முழங்கால் வரை வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

அவள் சட்டம் அறிந்தவள். தங்கள் அச்சம் எது என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். இனி அவள் வரவே மாட்டாளோ என்று இருக்கிறது என்றேன். வருவார், காலையில் வருவார் என்றாள். பிறகு வேலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து நாற்பத்தாறு அடியும் ஒரு சொல்லும் பேசாமல் அழைத்துவந்து, என் இடத்தில் சேர்த்தாள். அன்று அவளுக்குக் கொடுத்த முத்துமாலை எதற்கு என்று எவரும் கேட்கலாகாது.

ஆகவே தாழைக்கோட்டையின் அரசு நடத்தும் உரிமையால் நான் இடும் ஆணை இது. தாங்கள் முழுமதி இரவில் நுழையலாகாது. மாந்தோப்பில் தங்கி, மறுநாள் வெயில் ஏறிய பின் முரசு கொட்ட நுழைக. பகல் முழுதும் மகள் தங்களுடையவள். மார்பில் ஏற்றுக, தோளில் ஏற்றுக, தரையில் தவழ்க. மாலையில் யாளிகளுக்குப் பொரி ஊட்டும் பணியையும் தங்களுக்கே தருகிறேன். விளக்குத் தாழ்ந்த பின் அவள் தங்களைத் தேடி வந்தால், தாங்களே எழுந்து கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடுக. கண் கலங்கினால் இருட்டில் கலங்குக. வாய் திறக்க வேண்டாம்.

அவள் வராமல் தங்களுக்கு உறக்கம் பிடிக்காது போனால், பார்க்கப் போக எழுவீர்கள் என்பதை அறிவேன். நானும் எழுவேன். நம் இருவருள் எவர் முதலில் எழுகிறாரோ அவரை மற்றவர் கையைப் பிடித்துத் திருப்பி அழைத்துவர வேண்டும். இருவரும் ஒன்றாக எழுந்துவிட்டால் பெருந்தோளி இருக்கிறாள். அழைத்துவந்த பின்னும் உறக்கம் வரவில்லை என்றால், பேசலாம். நம் கட்டிலில் பேசக்கூடாது என்று செப்பேட்டின் எந்தப் புறத்திலும் எழுதவில்லை. இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

இவ்வாணையை மீறினால் தங்களுக்குத் தண்டனை, அந்தத் தொங்கு சங்கிலிகளில் மீண்டும் கட்டில். தாழம்பூ முத்திரை இட்டு, தூதன் கையில் கொடுத்தோம். படித்ததும் தலைமேல் வைத்து ஏற்று, ஏற்றோம் என்று ஒரே சொல்லில் மறுமொழி விடுக்க. நடுவில் ஆனால் என்ற சொல் வருமானால், அந்த மறுமொழி ஓலையைத் தங்களிடமே திருப்பிக் கொடுத்துவிடும்படி தூதனுக்கு ஆணை.

இது குவளைமாதேவி எழுத்து.