செத்தவீட்டுச் சீலை

இன்று பின்னேரம் பையை மறுபடியும் கட்டிலில் கவிழ்த்துக் கொட்டினேன். எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து அந்த வெள்ளை நூல் சேலை வந்து விழுந்தது. முந்தானையில் தேத்தண்ணிக் கறை. எத்தனையோ சவர்க்காரத்தைத் தின்று தீர்த்துவிட்டு, சவர்க்காரமே காணக் கிடைக்காத இந்தக் காலத்திலும் அசையாமல் இருக்கிறது. பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. வெறும் பைக்குள் ஏறி உட்கார்ந்திருந்த மகளும் ஏனென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தாள். உனக்கு எழுதவேண்டும் போலிருந்தது. நீ போய் வருடங்கள் ஆனபிறகு எழுதுகிறேன். நான் எதற்கும் பிந்தித்தான் வருவேன் என்பது உனக்குத் தெரியாததல்ல.

விஷயம் இதுதான். நானும் மகளும் என் கணவரிடம் போகிறோம், நோர்வேக்கு. சண்டையில் தரைப்பாதை பூட்டிக் கிடப்பதால் கிளாலியில் வள்ளம் ஏறி, அக்கரையில் இறங்கி, வவுனியா வரை கிடைத்ததில் தொற்றிக்கொண்டு போய், கொழும்பில் விசாவுக்காகக் காத்திருந்து, பிறகு விமானம். இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளை. ஆகவே ஒரே ஒரு பை. வெயிலுக்கும் பனிக்கும், சேற்றுக்கும் தூதரகத்துக்கும் அந்த ஒரு பைக்குள்ளிருந்துதான் உடுப்பு வரவேண்டும். "லேசா வாரும், இஞ்சை எல்லாம் வாங்கலாம்" என்று அவர் எழுதுகிறார். லேசாக வருவது எப்படியென்று எழுதவில்லை. வள்ளம் ஏறும்போது முழங்கால் தண்ணீரில் நிற்கவேண்டுமாம். ஒரு கை பிள்ளைக்கு. மற்றக் கை பைக்குப் போதாமல் போனால் என்ன செய்வேன்? என் பயமெல்லாம் இந்த ஒரு கேள்விதான். வேறு பயங்கள் இதற்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன.

பை அடுக்கும் கலையில் நீ என்னைத் தோற்கடித்தது திருநெல்வேலியில், நாம் சேர்ந்து வாடகைக்கு இருந்த அந்த அறையில். யாழ்ப்பாணத்துக்கு ரயில் கோச்சி ஓடிய காலம். பல்கலைக்கழகத்திலிருந்து நுவரெலியாவுக்குச் சுற்றுலா. என் சூட்கேசை அடுக்குவதற்கென்றே அம்மா தெல்லிப்பழையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். குளித்து மாற்ற ஒன்று, கோயிலுக்கு ஒன்று, கோயிலுக்கு உடுத்தது நனைந்தால் இன்னொன்று. கடைசியாக இந்த வெள்ளைச் சேலையை மேலே வைத்தார்.

"உது என்னத்துக்கு அன்ரி?" என்று கேட்டாய்.

"போற இடத்திலை ஒரு செத்தவீடு கித்தவீடு வந்தால் பிள்ளை பூப்போட்ட சீலையோடை போய் நிக்கிறதே?"

"நுவரெலியாவிலை எங்களுக்கு ஆர் அன்ரி சாக இருக்கினம்?"

அம்மா கொஞ்சம் யோசித்தார். "சாகிறவை முதலே சொல்லிப்போட்டே சாகினம்?" என்றார்.

உன்னுடைய பயணப் பொதி ஒரு சின்னத் துணிப்பை. இரண்டு பாவாடை, மூன்று சட்டை, இரவுக்கு ஒரு சோட்டி, துவாய், முகம் துடைக்க ஒரு லேஞ்சி. எந்தச் சட்டையும் எந்தப் பாவாடைக்கும் பொருந்தும். ஏனென்றால் குருநகரில் உன் மாமா ஒரே நீலத்தில் ஒரு கட்டுத் துணி வாங்கி, வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் அதிலேயே தைப்பித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கு நீங்கள் குடும்பமாக நடந்து போனால் கடலே எழும்பிப் போவது போல இருக்கும் என்று நீயே சொல்லிச் சிரிப்பாய்.

அம்மாவின் பஸ் பலாலி வீதியில் மறைந்ததும் என் சூட்கேசை இழுத்துப் போட்டாய். "எடியே, உடுப்பென்ன முட்டையே, வைக்கோல் வைச்சு அடுக்க? தூக்கு தலையிலை."

கடலோடு பிழைக்கும் உங்கள் வீட்டு வழக்கம் அது. வள்ளத்தில் சாமான் ஏற்றுகிறவர் அதைத் தலையில் வைத்து, ஒரு கையால் பிடித்து, மற்றக் கையை வெறுமையாக விட்டபடி நடந்து காட்டவேண்டும். வெறுங்கை வள்ளத்து விளிம்பைப் பிடிக்க. பிடித்த கை இடையில் மாறினால் சாமான் கூடிப்போயிற்று. ஏதாவது ஒன்றை இறக்கவேண்டும். கடல் இல்லாதபடியால் எனக்குக் கிணற்றடி வளவு. சூட்கேசைத் தலையில் வைத்து நான் வளவைச் சுற்ற, நீ பின்னாலே வந்து "கை மாத்தினாய்! கண்டனான்!" என்று கத்த, வீட்டுக்கார அன்ரி வெளியே வந்து பார்த்தார்.

"என்ன பிள்ளை, நேர்த்தியே?"

"ஓம் அன்ரி," என்றாய். "நேர்த்திக்கடனுக்குச் சூட்கேஸ் காவடி."

ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு உடுப்பு இறங்கியது. வெள்ளைச் சேலையை நானே தூக்கி எறிந்தேன். நீ அதை எடுத்துத் தட்டித் திரும்ப வைத்தாய். "உது ஒண்டுதான் உதுக்குள்ளை உருப்படியான சாமான். மிச்சத்திலை விட மனமில்லாததை உடம்பிலை ஏத்து."

ஏற்றினேன். மூன்று சட்டை, இரண்டு பாவாடை, அதற்கு மேல் ஒரு சேலை. கோச்சியில் வியர்த்து வழிந்துகொண்டு நின்ற என்னைப் பார்த்து ஒரு பெரியவர் பதறி எழுந்தார். "பிள்ளைத்தாச்சிப் பிள்ளை நிக்குது, ஒருத்தருக்கும் கண் தெரியேல்லையே?" நான் வாய் திறக்கமுன் நீ முந்திக்கொண்டாய். "நல்லாயிருப்பியள் ஐயா. அவவுக்கு இது தலைப்பிள்ளை." சொல்லிவிட்டு என் பக்கத்தில் பாதி இருக்கையில் நீயும் இருந்துகொண்டாய். அநுராதபுரத்தில் அவர் பிள்ளைக்காக வாங்கித் தந்த தோடம்பழங்களை உரித்து நீயே தின்றாய். "பிள்ளைக்குப் புளிப்பு ஆகாது ஐயா." அதற்கும் அவர் தலையாட்டினார்.

நுவரெலியாவில் எங்களை ஒரு பெரிய மண்டபத்தில் படுக்க விட்டார்கள். பெண்கள் உடுப்பு மாற்ற மறைப்பில்லை. வெள்ளைச் சேலை திரையாயிற்று. நனைந்தவற்றைக் காயப்போட முறுக்கிக் கட்டினோம், கொடியாயிற்று. குளிர் ஏறியதும் என் உடம்பிலிருந்து நீ ஒவ்வொரு சட்டையாக உரித்து மற்றப் பெட்டைகளுக்குப் பங்கு வைத்தாய். எனக்கே கடைசியில் ஒன்றுதான் மிச்சம். உனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நீ அந்தச் சேலையை நாலாக மடித்துத் தலை முதல் கால் வரை சுற்றிக்கொண்டு நிமிர்ந்து படுத்தாய்.

விடிய, தேத்தண்ணித் தட்டோடு உள்ளே வந்த பெட்டை வெள்ளைத் துணிக்குள் நீட்டி நிமிர்ந்து கிடந்த உன்னைக் கண்டு "ஐயோ!" என்று அலறினாள். தட்டு உன் மேல் விழுந்தது. நீ துணிக்குள்ளிருந்து மெல்ல எழும்பி இருந்து, "தேத்தண்ணி வந்திட்டுதோ?" என்று கேட்டாய். அந்தப் பெட்டை பிறகு அன்று முழுக்க உன்னுடன் கதைக்கவில்லை. அம்மா எதிர்பார்த்த செத்தவீடு அதுதான் என்று மண்டபமே உருண்டு சிரித்தது. கறை அப்போது வந்தது.

பிறகொரு காலம் உனக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது நான் ஒரு பெரிய பையோடு வந்தேன். சோட்டி, போர்வை, மாற்றுத் துவாய், லேஞ்சி. நீ கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தாய். "இவ்வளவும் என்னத்துக்கடி? வரேக்கை ஆர் சுமக்கிறது?" ஒரு லேஞ்சியை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பினாய். அந்தக் கிழமையே போய்விட்டாய்.

உன் வீட்டுக்கு இந்தச் சேலையைத்தான் உடுத்து வந்தேன். என்னிடம் இருந்த வெள்ளை இது ஒன்றுதான். கறையைத் தோள் மடிப்புக்குள் மறைத்துச் சட்டை ஊசி குத்தியிருந்தேன். உன் அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுத அழுகையில் ஊசி கழன்று கறை வெளியே வந்துவிட்டது. அவர் அழுகையை நிறுத்தி அதைத் தடவிப் பார்த்தார். "உது அந்தத் தேத்தண்ணியெல்லோ?" என்றார். "ஓம்" என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்திருந்தவர்கள் எங்களுக்குப் புத்தி பேதலித்ததென்று தண்ணீர் கொண்டுவந்து தந்தார்கள்.

சரி, இன்றைய கதைக்கு வருகிறேன். காலையிலிருந்து தலையில் பை, இடுப்பில் மகள் என்று எங்கள் வளவைச் சுற்றிக்கொண்டிருந்தேன். முதல் சுற்றில் கை மாறியது. அம்மா கட்டித் தந்த மிளகாய்த்தூள் இறங்கிற்று. அடுத்ததிலும் மாறியது, இரண்டு சேலை போயின. கூறைச்சேலையில் கை வைத்ததும் அம்மா பாய்ந்து வந்தார்.

"கூறையை விட்டிட்டு, உந்தச் செத்தவீட்டுச் சீலையையே கொண்டு போகப் போறாய்? புருஷனட்டைப் போறவள் வெள்ளைச் சீலை கொண்டு போறவளே?"

"நீங்கள்தானே அம்மா தந்தனீங்கள்."

"அது நுவரெலியாவுக்கு!"

நான் சேலையை விரித்துத் தோளில் குறுக்காகக் கட்டி மகளை அதற்குள் இருத்தினேன். ஏணை மாதிரி என் விலாவோடு ஒட்டித் தொங்கினாள். பிள்ளைக்குக் கை தேவையில்லை! இரண்டு கையும் வெறுமையாக இருந்தன. கூறையைத் திரும்பப் பைக்குள் வைத்துத் தலையில் ஏற்றினேன். ஒரு கையால் பிடித்தபடி சுற்றினேன். கிணற்றடி கடந்தது, வேலி கடந்தது. மகள் தூங்கிவிட்டாள். கை மாறவில்லை. மற்றக் கையை வள்ளத்து விளிம்புக்கு நீட்டுவதுபோல் சும்மா நீட்டிப் பார்த்தேன்.

அம்மா குசினிக்குள் போனார். மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து, புது உடுப்புக்குச் செய்வதுபோல, சேலைத் தலைப்பின் மூலையில் தொட்டு வைத்தார். உன் தேத்தண்ணிக்குப் பக்கத்தில். "இப்ப கொண்டு போ" என்றார்.

அடுத்த கிழமை போகிறோம். பயம் போகவில்லை, ஆனால் பயத்துக்கென்று ஒரு கை மிச்சம் இருக்கிறது. தண்ணீருக்குள் நான் இந்தக் கோலத்தில் இறங்குவதைக் கண்டு யாராவது, "என்ன பிள்ளை, நேர்த்தியே?" என்று கேட்டால், பதில் சொல்ல இந்த முறை நீ தேவையில்லை.

ஓம் என்று நானே சொல்லுவேன்.