மோந்து பார்த்தால் பத்து மதிப்பெண்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். அம்மாவின் முட்டிவலி தேவலையா?

திருவொற்றியூர் பயிற்சி நிலையத்தில் வெல்டிங் படிப்புக்கான செய்முறைத் தேர்வை நான்தான் தயாரிக்கிறேன். போன வாரம் அதை ஒத்திகை பார்த்தோம். குழாயில் துளியூண்டு கேஸைக் கசியவிட்டு, மோந்து பார்த்துக் கண்டுபிடித்தால் பத்து மதிப்பெண் என்று வைத்திருந்தேன். பயப்படாதீர்கள், வெட்டவெளியில்தான். இருபது பேரில் ஒருவருக்கும் வாடை தெரியவில்லை.

மணலியிலிருந்து வரும் ரேகா என்ற மாணவி சிரித்துவிட்டாள். "இன்னா மிஸ், எங்க ஏரியால எந்நேரமும் கம்பெனி நாத்தம்தான் கீது. இதுல எதன்னு மோந்து பாக்கறது? சோப்புத்தண்ணி குடுங்க."

தடவினாள், குமிழி வந்தது. என் தாளின்படி அவளுக்குப் பூஜ்யம். அந்தக் கேள்வியை அடித்துவிட்டு, சோப்புத்தண்ணீருக்கே பத்தையும் கொடுத்தேன்.

நானும் குனிந்து மோந்து பார்த்தேன். தெரியவில்லை. சளியாக இருக்கும். நான் இங்கே வந்து மூன்று வருடம்தானே ஆகிறது.

இட்லிப்பொடி தீர்ந்துவிட்டது, அனுப்புங்கள். வகுப்புக்கு நேரமாகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன்: போன மாதம் போடியில் நம் கடையிலிருந்து அனுப்பிய ஏலக்காயில் மணமே இல்லை. பழைய சரக்கா? இல்லையென்றாலும், ஆமாம் என்றே எழுதுங்கள்.

உங்கள்
வளர்மதி