மாடி அறையை ஸ்வீட்லினுக்குக் கொடுப்பது பற்றி

சேரன்மகாதேவி
ஐப்பசி, வியாழன்

விஜி,

இல்லை, ஸ்வீட்லின்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ அப்படிக் கேட்டதும் பால் பொங்குகிறது என்று ஃபோனை வைத்தேன். அடுப்பில் பாலே இல்லை. நானும் அப்பாவும் சுகம், ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு சைக்கிளில் போ. மழைக்காலம் முடிகிறவரை அவள் நம் வீட்டு மாடியில், உன் அறையில் தங்கட்டுமா என்று கேட்டாய். நாசரேத்திலிருந்து தினமும் ரயிலும் பஸ்ஸுமாக உன் வளாக வேலைக்கு அவள் வந்துபோவது பாவம்தான். ஃபோனில் பதில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

நீ வரைந்த பல்கலைக்கழக வளாகத்தை அடிக்கடி போய்ப் பார்க்கிறேன். சாய ஆலை இருந்த இடம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். சிமெண்டுத் தரையை உடைத்து அதையே கரைக்குப் போட்டாயிற்று. மூன்று சின்னக் குளம், ஒன்று நிறைந்தால் மறுகால் வழியாக அடுத்ததற்கு. விளிம்பெல்லாம் கோரையும் வெட்டிவேரும். வாட்ச்மேன் பிச்சைக்கண்ணு, "டீச்சர், கோடிக்கணக்குல போட்டுக் கோரை நட்டிருக்காவ, எங்க வீட்டுப் பொறவாசல்ல சும்மாவே மொளைக்கி, அதையும் பல்கலைக்கழகம்னு அறிவிச்சிருவமா" என்கிறார். நான் சிரிக்கவில்லை. உன் கோரை. ஆனால் சந்தேகம் என்றால் அவர் போய் நிற்பது ஸ்வீட்லினிடம். இந்த ஊருக்கே தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். மருத மரம் எந்தக் கரையில் வைக்கலாம் என்று நீ கேட்டது, நீயே வேலைக்கு எடுத்த ஒரு பெண்ணிடம்.

முளைப்பாரி விஷயமும் அப்படித்தான். எந்த மண்ணில் விஷம் இருக்கிறது என்று பார்க்க, ஒவ்வொரு மூலையிலிருந்தும் மண் எடுத்து, முளைப்பாரி போடுகிற மாதிரி சட்டியில் தானியம் விதைத்து இருட்டறையில் வைத்தீர்கள். சாயத்தொட்டி இருந்த இடத்து மண்ணில்தான் பயிர் செழித்து வந்தது. நீயும் அவளும் ஃபோனிலேயே மண்டையை உடைத்துக்கொண்டீர்கள். போய்க் கிளறிப் பார்த்தது நான். அடியில் ஆட்டுப் புழுக்கை. கூட்டிப் பெருக்குகிற இசக்கியம்மாவைக் கேட்டேன். "முளைப்பாரி கருகுனா ஊருக்கு ஆகாதுல்லா டீச்சர், அதான் வாடுன சட்டியில மட்டும் ஒரம் போட்டு மறுபடி வெதச்சேன், ஸ்வீட்லின் சர்ச்சுக்குப் போற வேதக்காரப் புள்ள, அதுக்கு என்ன தெரியும்" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர். இதை உனக்குச் சொல்லவேண்டும் என்று பத்திரமாக வைத்திருந்தேன். சாயங்காலம் நீ கூப்பிட்டு, அம்மா, ஸ்வீட்லின் ஒரு வேடிக்கை சொன்னாள் தெரியுமா என்று அதையே எனக்குச் சொன்னாய்.

உன் முட்டி வலியும் அவள் சொல்லித்தான் தெரியும். "விஜிக்காவுக்கு முட்டி இன்னும் சரியாவலையா ஆன்ட்டி" என்றாள். இல்லையே, அப்படியேதான் இருக்கிறது என்றேன், தெரிந்தவள் மாதிரி.

அறை விஷயத்தில் அப்பா உடனே சரி என்றார். வீட்டில் பேச்சுச் சத்தமாவது கேட்கும் என்றார். உன் அத்தைதான், வேதக்காரப் பெண், சாப்பாடு ஒத்துவருமா என்று இழுத்தாள். ஒரு நிமிஷம் அந்தக் காரணம் கைக்கு வாட்டமாக இருந்தது. எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். அது என் காரணம் இல்லை. அவள் எதைச் சாப்பிட்டால் எனக்கென்ன. உன் கட்டிலில் படுத்துக்கொண்டு உன்னோடு ஃபோனில் பேசுவாள். கீழே நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அவ்வளவுதான் காரணம்.

செவ்வாய்க்கிழமை பெருமழை. ரயிலைப் பிடிக்க அவள் மழைக்கு நடுவிலேயே கிளம்பினாள். நான் பிச்சைக்கண்ணுவின் தகரக் கொட்டகையில் நின்றேன். முதல் குளம் நிறைந்தது. தண்ணீர் மறுகாலுக்குப் போகவில்லை. சாயத்தொட்டி மூலையில் கரையை அறுத்துக்கொண்டு ஊர் வாய்க்காலைப் பார்த்து இறங்கியது. சிவப்பாக. முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். அவள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன், உனக்கு நான் சொல்வேன். உன் எண்ணைக்கூட எடுத்துவிட்டேன். அங்கிருந்து நீ மண்மூட்டை அடுக்க முடியாது. அவளைக் கூப்பிட்டேன். பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்து வந்தாள். அவளும் பிச்சைக்கண்ணுவும் மூட்டை போட்டார்கள், நான் குடை பிடித்தேன், குடையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வாய்க்காலைத் தொடுமுன் நின்றது. அன்று நம் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தாள். அறையைப் பற்றி வாயே திறக்கவில்லை. மாடிப் படியை மட்டும் ஒரு தரம் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

மழை பெய்கிறபோது அங்கே ஆள் இருந்தாகவேண்டும். அது நீ இல்லை. நான் மட்டும் போதாது. பொறாமை போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, இருக்கிறது, கூடத்தில் அவள் உன்னோடு பேசியபோது எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரங்களையே.

முட்டிக்கு டாக்டரைப் பார். பார்த்துவிட்டு எனக்கு முதலில் சொல், அவளுக்குப் பிறகு சொல்லலாம். நீ நட்டதெல்லாம் பிழைக்கட்டும், நீயும் நோய்நொடி இல்லாமல் நன்றாயிரு.

உன் அம்மா
நாகலக்ஷ்மி

ஒட்டுமுன் ஒன்று. உன் துணிகளை இறக்கி என் பீரோவில் வைத்தேன். கொஞ்சம் வெயில் அடித்தது, மெத்தையை மொட்டைமாடியில் போட்டேன். பிறகு நாசரேத்துக்கு ஃபோன் செய்து, சனிக்கிழமை பெட்டியோடு வரச் சொன்னேன்.