சமையலறை ஜன்னலில் நாற்பத்தொரு சிப்புகள்

மார்ச் 3

அன்புள்ள கணக்கு டீச்சருக்கு,

என் போனை நீ எடுப்பதில்லை. நியாயம்தான். அதனால் காகிதம்.

நம் பழைய தொழிற்சாலையை இடிக்கிறார்கள். ஏழு வருஷம் பூட்டிக் கிடந்த இடம். சர்க்யூட் போர்டுகளைக் கழற்றிக்கொள்ள அனுமதி வாங்கினேன். இப்போது இதுதான் என் பிழைப்பு என்று உன் தங்கை சொல்லியிருப்பாள். மூடிய ஆலைகளுக்குள் போய்ப் பழைய சிப்புகளைச் சேதமில்லாமல் எடுப்பது, சேகரிக்கிறவர்களுக்கு அனுப்புவது. "குப்பை பொறுக்கவா போறே?" என்று நீ கேட்பது இங்கேயே காதில் விழுகிறது.

தகடு அழுத்தும் பிரஸ் பிரிவில் பாதிக் கூரை இல்லை. உன் மேஜை இருக்கிறது. நாற்காலி இல்லை.

நாற்பத்தொரு சிப் கிடைத்தது. நடுவில் குட்டிக் கண்ணாடி ஜன்னல் வைத்த வகை. ஸ்டிக்கரை உரித்தால் உள்ளே தங்க இழை மின்னும். சேகரிக்கிறவர்களுக்கு அதுதான் வேண்டும். எல்லாவற்றையும் உரித்தேன், துடைத்தேன், சமையலறை ஜன்னலோரம் வெயிலில் வைத்தேன்.

இன்று ஸ்டிக்கர்களைக் குப்பையில் போடும்போதுதான் பார்த்தேன். உன் கையெழுத்து. ஒன்றில் 'பிரஸ் 6'. அந்த மெஷின்.

உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அன்புடன்,
பொறுக்குகிறவன்

*

மார்ச் 7

மதிப்புக்குரியவருக்கு,

ஸ்டிக்கர் அழகுக்காக ஒட்டியதல்ல. அந்தக் கண்ணாடி வழியாக வெயில் பட்டால் உள்ளே எழுதியிருப்பது அழிந்துவிடும். ஏழு வருஷம் இருட்டில் பத்திரமாக இருந்ததை நீங்கள் வெயிலில் வைத்திருக்கிறீர்கள்.

பிரஸ் 6-ஐ ஓட்டிய பெரியவரின் இரண்டு விரல் போனதற்கு, பாதுகாப்புக் கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்கும் கட்டளையை நான் அந்த மெஷினின் புரோகிராமில் எழுதாததே காரணம் என்று விசாரணையில் முடிவு செய்தார்கள். எழுதியிருந்தேன். என் பிரதியை நிர்வாகம் வாங்கிக்கொண்டது. ஆலையைப் பூட்டினார்கள். சாட்சி சொல்ல இருந்தது மெஷினுக்குள் இருந்த அந்த ஒரு சிப்தான்.

சாப்பிட உட்கார்ந்தபோது நீங்கள் சொன்னது ஞாபகமிருக்கிறதா? "ஒருவேளை மறந்திருப்பே. விடு."

என்னால் விட முடியவில்லை. வீட்டை விட்டேன்.

மூன்று கேள்விகள். எத்தனை நாள் வெயிலில் இருந்தது? ஜன்னல் திறந்திருந்ததா, மூடியிருந்ததா? ஸ்டிக்கரில் நான்கு இலக்க எண் இருக்கும், கிழியாமல் இருக்கிறதா?

முதலில் எல்லாவற்றையும் இருட்டில் வையுங்கள்.

இப்படிக்கு,
கணக்கு டீச்சர்

*

மார்ச் 10

அன்புள்ள டீச்சர்,

'நீங்கள்' கிடைத்தது. கல்யாணத்துக்கு முன்பு கூட என்னை நீ அப்படி அழைத்ததில்லை. வாங்கிக்கொள்கிறேன்.

நாற்பத்தொன்றும் கறுப்புத் துணி சுற்றி பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. ஒரு வாரம் வெயில். ஸ்டிக்கர் முழுசாக இருக்கிறது: 7309. ஆனால் எந்தச் சிப்பிலிருந்து உரித்தது என்று தெரியாது. எல்லாம் கலந்துவிட்டது.

ஜன்னல் மூடித்தான் இருந்தது. அது எப்போது திறந்தது? நீ மூன்று வருஷம் சரி பண்ணச் சொல்லிச் சண்டை போட்ட அதே ஜன்னல். இன்னும் சரி பண்ணவில்லை. அதற்கும் சேர்த்துத் திட்டிவிடு.

பொறுக்குகிறவன்

*

மார்ச் 14

உனக்கு,

ஆசிரியர் அறையில் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். அறிவியல் டீச்சர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தாள்.

அழிக்கிற ஒளியில் பெரும்பகுதியை வீட்டு ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும்; சிப்பில் இருக்கும் கண்ணாடி வேறு வகை. அந்த ஜன்னல் மட்டும் திறந்திருந்தால்! உன் சோம்பேறித்தனத்தால் எனக்குக் கிடைத்த முதல் லாபம்.

ஆனாலும் பார்க்காமல் நம்ப மாட்டேன். பரணில் என் சிப் ரீடர் இருக்கும். ஒவ்வொன்றாகப் படி. சிப்புக்குள் இருக்கும் எண்கள் எல்லாவற்றையும் அது கூட்டிக் காட்டும்; அன்று வந்த தொகையைத்தான் ஸ்டிக்கரில் குறித்தேன். கடைசி நான்கு இலக்கம் எதில் 7309 வருகிறதோ, அது ஆறாம் நம்பர். உள்ளே ஓர் எண் அழிந்திருந்தாலும் தொகை மாறிவிடும்.

மெஷினை வெட்டிவிட்டார்களா? இல்லையென்றால் கதவுக்குப் பின்னால், அது மூடியதை மெஷினுக்குச் சொல்லும் சுவிட்சைத் திறந்து பார். என் கட்டளை சரியாக இருந்தும் மெஷின் ஓடியிருக்கிறது என்றால், கதவு மூடியிருப்பதாக யாரோ அதை நம்பவைத்திருக்கிறார்கள்.

சீக்கிரம்.

*

மார்ச் 19

அன்புள்ள டீச்சர்,

முப்பத்தேழு சிப் வரைக்கும் வரவில்லை. என்னையே திட்டிக்கொண்டு படித்தேன். முப்பத்தெட்டு. 7309.

மறுபடி படித்தேன். 7309. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். "ஏழு, மூணு, சைபர், ஒம்பது. என்னப்பா, லாட்டரியா?" என்றார். "அதுக்கும் மேல சார்."

உள்ளே இருப்பதை அச்செடுத்து வைத்திருக்கிறேன். பதினோரு பக்கம். எனக்கு ஒரு வரி புரியவில்லை.

ஆலைக்கு ஓடினேன். மெஷின்களைக் காஸ் நெருப்பால் வெட்டுகிறவர் ஐந்தாம் நம்பரை முடித்து ஆறுக்கு நெருப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். "அண்ணே, பத்து நிமிஷம்!" "டீ குடிச்சிட்டு வரேன். அதுக்குள்ள முடிச்சுக்கோ."

சுவிட்சின் மூடியைத் திறந்தேன். இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு சிவப்பு வயர். கதவு திறந்தாலும் மூடியதாகவே காட்டும். வேலை வேகமாக நடக்க யாரோ முறுக்கி, டேப் சுற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வெட்டுகிறவர் எட்டிப் பார்த்தார். "எவன்டா இந்த வேலை பார்த்தவன்?" படம் எடுத்தோம். சுவிட்சை வயரோடு கழற்றினேன். அவரே சாட்சிக் கையெழுத்துப் போட்டார். எல்லாம் இந்தப் பார்சலில்.

நீ மறக்கவில்லை. அன்று சாப்பாட்டு மேஜையில் சொல்லியிருக்க வேண்டியது.

பொறுக்குகிறவன்

*

மே 28

உனக்கு,

நான்காம் பக்கம், மேலிருந்து ஒன்பதாவது வரி. கதவு மூடியிருக்கிறதா என்று பார், இல்லையென்றால் நில். அதுதான். நான் எழுதியது.

உன் பார்சலை விசாரணை அலுவலகத்தில் கொடுத்தேன். பழைய அறிக்கையை ரத்து செய்துவிட்டார்கள். புது அறிக்கையில் என் பெயருக்கு எதிரே 'பிழை ஏதுமில்லை'. வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு அதை எட்டு முறை படித்தேன்.

சிப்பைத் திருப்பிக் கொடுத்தார்கள். நேராகப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். மீதி மூன்று விரலால் வாங்கி, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நான் பதறவில்லை, புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். "காரணம் நீ இல்லேன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்மா. நான் சொன்னா யாரு கேட்டாங்க? இப்போ இது சொல்லுதில்ல, கேக்கட்டும்." புது மனு போட்டிருக்கிறார், இம்முறை நிர்வாகத்தின் மேல். முதல் சாட்சி நான்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். துணிப் பெட்டியோடு இல்லை. அதை இன்னும் யோசிக்க வேண்டும். மீட்டரும் சால்டரிங் கருவியும் கொண்டு வருகிறேன். மீதி நாற்பது சிப்பையும் விற்காதே. அடுத்த ஆலைக்கு நானும் வருவேன். ஸ்டிக்கர் உரிக்கிற வேலை இனி உனக்குக் கிடையாது.

அந்த ஜன்னலைத் தொடாதே. நான் வந்து திறக்கிறேன்.

இப்படிக்கு,
பிரஸ் 6-க்கு எழுதியவள்