இரண்டு நொடி இடைவெளி

மார்ச் 2, திங்கள்

கணக்கு வாத்தியார் கடைக்கு வந்தார். பழைய கேசட்டுகளைச் சுத்தம் செய்து பிரதி எடுக்கும் கடை இது. வருகிறவர்கள் பாதிப்பேர் அழத் தயாராகத்தான் வருவார்கள். செத்துப்போன அப்பாவின் குரல், கல்யாணத்து ஒலிப்பதிவு. வாத்தியார் அந்த ரகமில்லை. கல்யாணமே வேண்டாமென்று இருப்பவர்கள், பண்ணிப் பார்த்துவிட்டு வந்தவர்கள் என்று இருபது பேர் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுகிறார்களாம். அங்கே போட, எங்கள் இளமைக் காலத்து பாப், ராக் பாட்டுகள் பதினான்கு வேண்டும். கேசட்டில்தான் வேண்டும்.

"ஒரே கண்டிஷன்மா. அழுமூஞ்சிப் பாட்டு ஒண்ணுகூடக் கூடாது. எவனாவது 'திரும்பி வா'ன்னு பாடினா எங்க ஆளுங்க எந்திரிச்சுப் போயிடுவாங்க."

ஆள் தெரிந்துதான் வந்திருக்கிறார். எனக்கு ஐம்பத்திரண்டு. தனியாக இருக்க ஆரம்பித்துப் பத்தொன்பது வருடம். என் வீட்டுச் சாவி இதுவரை இன்னொருவர் கைக்குப் போனதில்லை.

மார்ச் 4, புதன்

பாட்டுப் பொறுக்கியாயிற்று. மோட்டார் சைக்கிள் உறுமலோடு தொடங்கும் ஒன்று. "போடா" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் சிரிக்கும் ஒன்று. டிரம்ஸ்காரன் கோபித்துக்கொண்டவன் மாதிரி அடிப்பது ஒன்று.

பதினான்காவதாக நானும் அக்காவும் கட்டிலில் குதித்துப் பலகையை உடைத்த பாட்டு. அதில் அழுகை இல்லை. ஆகவே சேர்த்தி.

அக்காவோடு பேசி நாலு வருடம் ஆகிறது.

மார்ச் 5, வியாழன்

காலையில் வீட்டு மெஷினில் பதிவை முடித்தேன். ஹெட்போனில் இடைவெளிகளை மட்டும் கேட்டேன். அதுதான் என் பழக்கம். பாட்டை யார் வேண்டுமானாலும் கேட்பார்கள்; இரண்டு பாட்டுக்கு நடுவே அந்த இரண்டு நொடி சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குக் காசு.

மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கண்ணாடி உடைகிற சத்தம். உடைந்தபின் "சனியனே" என்று ஒரு பெண் குரல்.

வருடக்கணக்கில் சுற்றிக் கிடந்த டேப்பில் ஓர் அடுக்கின் சத்தம் அடுத்த அடுக்கில் ஒட்டிக்கொள்ளும். பாட்டு தொடங்குமுன்பே அதன் நிழல் கேட்கும். புதிதல்ல. ஆனால் இது இன்று பிரித்த புது டேப்.

மார்ச் 6, வெள்ளி

கண்ணாடி டம்ளர் கை தவறி விழுந்தது. "சனியனே" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. துடைப்பத்தை எடுக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

மார்ச் 8, ஞாயிறு

ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே, காலிங் பெல் இரண்டு தரம். "உங்ககிட்ட ஒரு ஊசி இருக்குமா?"

எதிர்வீட்டு டெய்லரம்மாவின் குரல். ஆறு வருடமாக எதிரெதிர் கதவு. எங்களுக்குள் ஒரு தலையாட்டலைத் தாண்டிப் பழக்கமில்லை. அதிலும் டெய்லர் வந்து என்னிடம் ஊசி கேட்பதா? கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையைக் கேட்டிருக்கிறேன். டெய்லர் ஊசி கடன் கேட்டதாகக் கேள்விப்பட்டதில்லை.

மார்ச் 9, திங்கள்

வந்தார். பெல் இரண்டு தரம். கை ஊசி எல்லாம் டப்பாவோடு தொலைந்துபோனதாம். கொடுத்தேன். கொடுக்குமுன் ஊசியை இரண்டு தரம் நழுவவிட்டதைப் பார்த்து, "சுகமில்லையா?" என்று கேட்டார். குளிர் என்றேன். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

மார்ச் 10, செவ்வாய்

கேட்டிருக்கக் கூடாது.

பதின்மூன்றுக்கும் பதினான்குக்கும் நடுவே போன் மணி. என் வீட்டுப் போன்தான். கீழே விழுந்து விரிசல் விட்ட பெல். கணீரென்று தொடங்கிக் கரகரத்து முடியும். அடிக்கிறது, அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. பதினாறு தரம். மெஷின் கவுண்டரில் பார்த்தால் இரண்டே நொடி; ஒலி மீட்டரின் முள் அசையவில்லை. அதற்கு மேல் கேட்க முடியாமல் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன்.

கடைக்குப் போயிருந்திருப்பேன். ஆனால் நான் கடைக்குப் போகும் நேரத்தில் என்னை யார் வீட்டுக்குக் கூப்பிடுவார்கள்? எந்த நேரத்திலும்தான் யார் கூப்பிடுகிறார்கள்?

வீட்டில்தான் இருக்கிறேன் என்றால், ஏன் எடுக்கவில்லை?

மார்ச் 11, புதன்

அந்த இடத்தை அழித்து மறுபடி பதிந்தேன். மணி போகவில்லை. சரி, போன் இருந்தால்தானே அடிக்கும் என்று வயரைப் பிடுங்கி பீரோவில் போட்டுப் பூட்டினேன். எனக்கே சிரிப்பு வந்தது.

மறுபடி கேட்டேன். மணி இல்லை.

குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம். அது மட்டும்தான். ஓடிக்கொண்டே இருக்கிறது. யாரும் வந்து மூடவில்லை. எவ்வளவு நேரம் கேட்டேனோ தெரியாது, காது சூடாகி எழுந்தபோது கடை திறக்கும் நேரம் தாண்டியிருந்தது.

பயமாயிருக்கிறது. இந்த வார்த்தையை இந்த நோட்டில் எழுதியதே இல்லை. பயமாத்தான் இருக்கு, என்ன பண்ணச் சொல்றே?

மார்ச் 12, வியாழன்

வயரைத் திரும்பச் சொருகி, அக்காவைக் கூப்பிட்டேன்.

நாலு வருடத்துக்கு முன் அவள் கேட்டது ஒரே கேள்வி: "நாளைக்கு நீ விழுந்து கிடந்தா யாருடி பார்ப்பா?" "நாத்தம் வந்தா தெரிஞ்சுக்குவாங்க" என்றேன். போனை வைத்தவள்தான்.

இன்று என் குரலைக் கேட்டதும், "யாரு செத்தா?" என்றாள்.

"யாரும் இல்ல. தினம் காலைல எட்டு மணிக்கு ஒரு போன் பண்ணுறியா? நான் எடுக்கலைன்னா எதிர்வீட்டு டெய்லரம்மாவுக்குப் பண்ணு. அவங்க கதவு போர்டுல நம்பர் இருக்கு, தரேன்."

பேனா தேடும் சத்தம் கேட்டது. பிறகு, "எழுதிக்கிறேன், சொல்லு" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். நானும்தான்.

மாலையில் எதிர்க் கதவைத் தட்டி ஒரு சாவியைக் கொடுத்தேன். டெய்லரம்மா காரணம் கேட்கவில்லை. நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

மார்ச் 13, வெள்ளி

வாத்தியார் வந்து கேசட்டை வாங்கிப் போனார். இடைவெளிகளை மறுபடி கேட்கவில்லை. சரிபார்க்காமல் நான் கொடுத்த முதல் கேசட் இது.

மார்ச் 14, சனி

எட்டுக்கு அக்கா. எடுத்தேன். "உயிரோட இருக்கியா?" "இருக்கேன்." வைத்துவிட்டாள்.

மார்ச் 15, ஞாயிறு

எட்டுக்கு அக்கா. கட்டில் உடைந்ததற்கு அடி வாங்கியது தான்தான் என்கிறாள். நான்தான். முக்கால் மணி நேரம் சண்டை.

மார்ச் 21, சனி

ஆஸ்பத்திரி. அக்கா வாங்கி வந்த பேனாவில் எழுதுகிறேன். இடுப்பு எலும்பில் ஆணி வைத்திருக்கிறார்கள்.

திங்கள் காலை குளியலறையில் வழுக்கியது. மல்லாந்து கிடந்தேன். நகர முடியவில்லை, கத்தக் குரல் வரவில்லை. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. எண்ணினேன். பதினாறு. நின்றுவிட்டது. அதற்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியாது, கேசட்டில் அதற்கு மேல் கேட்டிருக்கவில்லையே. அந்தக் கொஞ்ச நேரத்தை இனி நினைக்க மாட்டேன்.

பிறகு வாசலில் சாவி திரும்பியது. டெய்லரம்மா ஓடிவந்து, "அசையாதீங்க, நான் வந்துட்டேன்" என்றார்.

வாத்தியார் இன்று பார்க்க வந்தார். கூட்டத்தில் கேசட்டை இரண்டு தரம் போட்டார்களாம். ஒருவரும் எழுந்து போகவில்லையாம்.

"கடைசிப் பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு வச்சிருந்தீங்களே! போன் அடிச்சு ஓயுது, பூட்டு திறக்குது, ஒரு அம்மா 'அசையாதீங்க, நான் வந்துட்டேன்'னு சொல்றாங்க. எங்க ஆளுங்க ரெண்டு பேரு கண்ணைத் துடைச்சாங்கம்மா. அழுமூஞ்சி வேணாம்னு சொல்லியும் இப்படிப் பண்ணிட்டீங்களே."

"கூட்டம் என்னைக்கு நடந்தது?"

"போன சனிக்கிழமை. பதினாலாந்தேதி."

நான் விழுந்தது பதினாறாந்தேதி. மன்னிச்சுக்குங்க என்று மட்டும் சொன்னேன்.

சாயங்காலம் டெய்லரம்மா ஊசியையும் சாவியையும் திருப்பித் தர வந்தார். ஊசியை வாங்கிக்கொண்டேன்.